எடுத்தவர் வீட்டுக்கே ஆமை

அரியலூர்,
14.6.1978

அன்புள்ள மலர்,

நான் டூட்டியில் இல்லாத நேரம் பார்த்து, நம் பஸ்ஸிலேயே ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். டிரைவர் அய்யம்பெருமாள் அண்ணன் டிப்போவில் அத்தனை பேர் முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டார். "அஞ்சு மாசப் புள்ளத்தாச்சி கண்ணத் தொடச்சிக்கிட்டே வந்துச்சுப்பா. அப்புடி என்னத்தடா பண்ண?" என்று கேட்டார். வீட்டுக்கு ஆமை கொண்டுவந்தேன் என்று சொன்னேன். அதுவரை உன்மேல் இரக்கப்பட்டவர், அப்புறம் என்னைப் பார்த்து இரண்டடி தள்ளி நின்றார்.

நீ என்னைப் பேசவே விடவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். அன்று தா.பழூரிலிருந்து வந்த டிரிப்பில் பஸ் கூரையில் ஒரு கோணி மூட்டை இருந்தது. அரியலூர் ஸ்டாண்டில் ஃபாரஸ்ட்காரர்கள் நின்றுகொண்டு ஒவ்வொரு பஸ்ஸாகச் சோதனை போட்டார்கள். மூட்டையை எடுக்க வந்த ஆள் அவர்களைப் பார்த்ததும் கூட்டத்தில் கரைந்துவிட்டான். லோடு இறக்குகிறவர் என் காதருகே வந்து, "கண்டக்டரே, தேங்கா மூட்டைன்னாங்க, நவுருதே" என்றார். சோதனை எங்கள் பஸ்ஸுக்கு வருவதற்குள், அது என் மூட்டைதான் என்று சொல்லி, தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கிணற்றடியில் பிரித்தேன். எல்லாம் கட்டாமை. முதுகெல்லாம் கறுப்பில் மஞ்சள் கோடு போட்டு நட்சத்திரம் மாதிரி இருக்குமே, அதுதான். அடியில் கிடந்தவை நசுங்கிச் செத்திருந்தன. மற்றவற்றின் மேல் தண்ணீர் ஊற்றினேன். ஒவ்வொன்றாகத் தலையை நீட்டிக் குடித்தன. அந்த நேரம் பார்த்துத்தான் நீ பின்வாசலில் வந்து நின்று, "ஆமை வேணுமா, நான் வேணுமா?" என்று கேட்டாய். பதில் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் கொடுத்திருக்கலாம்.

தினமும் உங்கள் ஊர் முக்கு வழியாகத்தான் போய் வருகிறேன். விசில் ஊதி நிறுத்தும்போதெல்லாம் முந்திரித் தோப்புப் பக்கம் பார்க்கிறேன். இறங்கி வரலாம்தான். உன் அம்மா கையில் என்ன இருக்கும் என்று தெரியாததால் தபாலில் வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
குழந்தைவேல்


செம்மேட்டுக்குடிக்காடு,
21.6.1978

மாமாவுக்கு மலர்கொடி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டார். படித்தேன். "என் கையில ஒண்ணும் இருக்காது, மருமவன் வரட்டும். ஆனா ஆமையத் தொட்ட கையோட என் வாசப்படி மிதிக்கப்படாது" என்று சொல்லச் சொன்னார்.

ஃபாரஸ்ட்காரர்கள் பக்கத்திலேயே நின்றார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்களிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்திருந்தால் எனக்கு என்ன கோபம்? ஊரான் மூட்டையை என்னுடையது என்று பொய் சொல்லி, வாயும் வயிறுமாக ஒருத்தி இருக்கிற வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்ட உங்களுக்கு எப்படி மனசு வந்தது? போன வருஷம் ஒரு பிள்ளை தங்காமல் போனதை மறந்துவிட்டீர்களா? அப்போது எந்த ஆமையும் வரவில்லை என்று உங்கள் வழக்கப்படி கேலி பேசுவீர்கள். பேசுங்கள். பயப்படுகிறவளுக்குத்தான் பயம் தெரியும். இந்தப் பிள்ளையை நான் பறிகொடுக்க மாட்டேன்.

அவற்றை அனுப்பிவிட்டு, வீட்டைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு எழுதுங்கள். அதுவரை தோப்புப் பக்கம் பார்க்க வேண்டாம். நான் அங்கே நிற்பதில்லை.

மலர்கொடி


அரியலூர்,
2.7.1978

அன்புள்ள மலர்,

நீ தோப்பில் நிற்பதில்லை. சரி. செவ்வாய்க்கிழமை ஊதாப் புடவையில் உன்னைப் போலவே ஒருத்தி ஒரு முந்திரி மரத்துக்குப் பின்னால் நின்றாள். அவளை நான் பார்க்கவில்லை.

பிள்ளை தங்காமல் போனதை நான் மறந்ததாக மட்டும் எழுதாதே. உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த மாட்டுவண்டியின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இந்த விஷயத்தில் நான் கேலி பேச மாட்டேன்.

ஆமைகளை இன்னும் அனுப்பவில்லை. அனுப்ப வழி தெரியவில்லை. எங்கேயாவது கரட்டில், முள்ளுக்காட்டில் விடலாம் என்றால், அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறவர்கள் கண்ணில் பட்டு அன்றைக்கே குழம்பாகிவிடும். ஃபாரஸ்ட் ஆபீஸில் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கிறாய். கொடுத்தால், எந்த இடத்தில் ஏற்றினார்கள், ஏற்றியது யார் என்று கேட்பார்கள். அதற்கு மேல் இதில் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். உங்கள் வீட்டில் கடிதத்தைச் சத்தம் போட்டுப் படிக்கிறீர்கள்.

வீட்டுக்கார முத்தாயி ஆத்தா தினமும் வந்து வாசலில் நின்றபடியே திட்டிவிட்டுப் போகிறார். "பொண்டாட்டி போயிட்டா, நாளைக்கு வேலயும் போவும், அப்புறம் என் வூடும் இடிஞ்சி வுழும், அப்பதான் ஒனக்குப் புத்தி வரும்" என்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் ஆமைகளோடு காலி செய்ய வேண்டுமாம். திட்டி முடித்ததும் முருங்கைக் கீரையைக் கதவருகே வைத்துவிட்டுப் போகிறார். எனக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். "நீ திங்கறதுக்கு இல்லடா" என்று மறுநாள் விளக்கம் சொன்னார்.

நீ இல்லாத வீட்டில் சோறு இறங்கவில்லை. இதைச் சத்தம் போட்டே படி.

உன்,
குழந்தைவேல்


செம்மேட்டுக்குடிக்காடு,
11.7.1978

மாமா,

இதை நான் தோப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் எழுதாமல் விட்டது என்ன என்று தெரிந்துவிட்டது.

நேற்று மத்தியானம் ஒரு ஆள் வாசலில் வந்து அண்ணனைக் கூப்பிட்டான். வெள்ளைச் சட்டை, கையில் தோல்பை, மெட்ராஸ் பேச்சு. நான் உள்ளே முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். "கொளஞ்சி, அன்னிக்கு நீ ஏத்துன மூட்டய உன் மச்சானே தூக்கினு போயிட்டாராமே. அடுத்த மூட்டய வேற பஸ்ல ஏத்து" என்றான். என் கையிலிருந்த கட்டை காலில் விழுந்தது.

நீங்கள் அண்ணனைப் பார்த்திருக்கிறீர்கள். பஸ் ஏணியிலிருந்து அண்ணன் இறங்கிப் போனதைப் பார்த்துவிட்டுத்தான், ஸ்டாண்டில் அந்த மூட்டையை உங்களுடையது என்றீர்கள். ஃபாரஸ்ட்காரர்களிடம் கொடுத்திருந்தால் அண்ணனைத்தான் பிடித்திருப்பார்கள். என் அண்ணனுக்காக அந்தப் பீடையை நம் வீட்டுக்குள் தூக்கிவந்து, நான் பேசிய பேச்சை எல்லாம் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டீர்கள். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் முதல் பஸ்ஸில் வந்து அண்ணன் தலைமுடியைப் பிடித்திருப்பேன், அதுதானே பயம்?

அண்ணனிடம் கேட்டேன். "ஊருல எல்லாந்தான் புடிச்சிக் குடுக்கறாங்க. ஆம வெளியூர் போனா பீடையும் அது கூடயே போயிடுமாம், அவர்தான் சொன்னாரு. நல்லதுதான பண்றன்?" என்கிறது. அந்த ஆள் ஊர் முழுக்க இப்படிச் சொல்லி வைத்திருக்கிறான். கரட்டில் மேய்கிறதை எல்லாம் பிள்ளைகள் முதற்கொண்டு பொறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் மூட்டையை மெட்ராஸுக்குக் கொண்டுபோய் வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்கிறானாம். அவர்கள் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குள்ளேயே வளர்க்கிறார்களாம்! இதைக் கேட்டதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் அடுத்த மூட்டையைக் கட்டி வைத்திருப்பது எங்கே தெரியுமா? எங்கள் கொட்டகையில். நான் படுக்கிற சுவருக்கு அந்தப் பக்கம். உங்களிடமிருந்து ஓடிவந்த நான் இத்தனை நாளும் அதன் பக்கத்தில்தான் படுத்திருக்கிறேன். பிள்ளை வயிற்றில் நன்றாக உதைக்கிறது.

எனக்கு என்ன நினைப்பது என்றே தெரியவில்லை. நீங்கள் சாப்பிடுங்கள்.

மலர்


அரியலூர்,
15.7.1978

என் மலருக்கு,

ஆமாம், பார்த்தேன். ஏணியிலிருந்து குதித்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் தோப்புக்குள் போனார் மச்சான். அந்த நேரத்துக்கு வேறு பஸ் வர வேண்டியது, அன்று மாற்றி எங்கள் பஸ் வந்தது அவருக்குத் தெரியாது. உன்னிடம் சொல்லியிருந்தால், அண்ணனா புருஷனா என்று நீ நடுவில் நிற்க வேண்டியிருக்கும். இந்த மாதத்தில் உனக்கு அது எதற்கு என்று நினைத்தேன். திட்டு வாங்கினால் நான் இளைத்தா போய்விடுவேன்?

ஆனால் விஷயம் நின்றபாடில்லை. நான் மூட்டை தூக்கியதை யாரோ பார்த்துவிட்டு ரேஞ்சர் ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள். நேற்று ஒரு ஃபாரஸ்ட் கார்டு டிப்போவுக்கே வந்து விசாரித்தார். "சட்டம் வந்து ஆறு வருசமாச்சு கண்டக்டர் சார். வூட்டுல வச்சிருந்தாலும் குத்தந்தான்" என்றார். ஆவணி முடிவதற்குள் நானாகவே வந்து சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்கு வருவார்களாம். போய்ச் சொன்னால் மச்சான் உள்ளே போவார். சொல்லாவிட்டால் நான் போவேன், வேலையும் போகும். நல்ல குடும்பம் நம்முடையது.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கிணற்றடி ஓரத்தில் பெரிய ஆமை ஒன்று மண்ணில் தண்ணீர் விட்டு நனைத்து, பின்னங்காலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்தது. காலையில் தொடங்கியது, நான் டூட்டி முடிந்து வரும்போதும் பறித்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஒவ்வொரு முட்டையாக இட்டு, காலாலேயே மண்ணைத் தள்ளி மூடி, வயிற்றால் அமுக்கிவிட்டு நகர்ந்தது. முத்தாயி ஆத்தா படியில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். திட்டவே இல்லை. "புள்ளத்தாச்சியாடா இது? இதயா கோணியில போட்டுக் கட்டுனானுவோ?" என்றுதான் கேட்டார். மறுநாள் காலி செய்யும் பேச்சை எடுக்கவில்லை.

உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. பார்த்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன்,
குழந்தைவேல்


செம்மேட்டுக்குடிக்காடு,
1.8.1978

மாமா,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அன்று ராத்திரி சாப்பிடவில்லை. என்னை ஒரு கோணியில் போட்டுக் கட்டி, மேலே நாலு பேரை அடுக்கி, கூரையில் ஏற்றினால் எப்படி இருக்கும் என்றே மனசு ஓடியது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தோடு கோபமும் வந்துவிட்டது. இந்தத் தடவை உங்கள்மேல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அய்யனார் கோயில் முன்னால் ஊர் கூடியது. கூட்டச் சொன்னது நான்தான். அம்மா தடுத்தார், கேட்கவில்லை. ஊர்ப் பெரியவர் பூமாலை மாமா, "புள்ளத்தாச்சி நிக்க வேணாம், உக்காந்து சொல்லு தாயி" என்றார். உட்கார்ந்துகொண்டே கேட்டேன். கரட்டில் மேய்கிற ஆமை எத்தனை வீட்டுக்குள் தானாக வந்திருக்கிறது?  அப்புறம் நானே சொன்னேன்: "அது பாட்டுக்குக் காட்டுல கெடந்துச்சு. நாமதான் கோணியில கட்டித் தூக்கியாந்து வூட்டோரமா வச்சிருக்கோம். எங்க வூட்டுக் கொட்டாயிலயும் வச்சிருந்தாங்க. பீடைய வெளியூருக்கு அனுப்பறோம்னு சொல்லிக்கிட்டு, வாசல் வாசலா வரவச்சது நாமதான?"

பொம்பளைகள் பக்கம் ஒரே சலசலப்பு. ஒருத்தி தன் வீட்டுக்காரரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரும் பொறுக்கிக் கொடுத்தவர்தான். அபராதம் போடலாம் என்றார் ஒருவர். போட்டால் கட்டிவிட்டு மறுபடி பிடிப்பார்கள் என்றார் இன்னொருவர். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. அபராதம் எல்லாம் வேண்டாம். ஆமை இருக்க வேண்டிய இடம் காடு. அதைக் காட்டிலிருந்து யார் எடுத்தாலும், எடுத்தவர் வீட்டு நடுக்கூடத்தில் ஊரே கொண்டுபோய் விட்டுவிடும். ஒரு வாரம் அங்கேயே இருக்க வேண்டும்.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு தானாக அடங்கிவிட்டது. வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை, மாமா. எதிர்த்துப் பேசினால் வீட்டிலிருந்தே சண்டை வரும். பூமாலை மாமா அய்யனார் முன்னால் சூடம் ஏற்றி, அதையே ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிவிட்டார். கரட்டைச் சுற்றிப் பார்த்து வரும் பொறுப்பை அண்ணனுக்குக் கொடுத்தார்கள். பிடிக்கிற இடமெல்லாம் தெரிந்த ஆள் அதுதானே. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே சரி என்றது. பாவமாக இருந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

ஆமைகளை இங்கேயே கொண்டுவாருங்கள். அவை பிறந்த கரடு இது. கொட்டகையில் இருந்தவற்றை அண்ணன் முன்பே இங்கே அவிழ்த்து விட்டுவிட்டது. முட்டைகளையும் மண்ணோடு தோண்டி எடுத்து, திருப்பாமல் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். ரேஞ்சரிடம் போகும்போது அண்ணனும் உங்களோடு வருமாம். நான் சொல்லவில்லை. அதுவாகச் சொன்னது.

மலர்


அரியலூர்,
9.9.1978

அன்புள்ள மலர்,

வளைகாப்பு முடிந்து வந்ததிலிருந்து காதில் கண்ணாடி வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இங்கே எந்தக் கையிலும் வளையல் இல்லை. முத்தாயி ஆத்தாவிடம் சொன்னால் காது டாக்டரிடம் போகச் சொல்கிறார்.

கரட்டில் ஆமைக் கூடைகளைக் கவிழ்த்த அன்று நீ தள்ளி நின்றுதான் பார்த்தாய். ஆனால் கடைசி வரை நின்றாய். அத்தை என் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விட்டார், அதுவும் சரிதான். முட்டைகளைச் சரியாகத்தான் புதைத்திருக்கிறோமா என்று தெரியவில்லை. பொரிந்தால் மச்சான் சொல்லியனுப்பட்டும்.

உனக்கு இரண்டு செய்தி. நேற்று ரேஞ்சர் ஆபீஸுக்கு மச்சானோடு போனேன். உள்ளே கூப்பிட நாள் முழுக்க ஆனது. மச்சான் பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டார். நான் ஒன்றும் மறைக்கவில்லை, அவரும் மறைக்கவில்லை. பூமாலை மாமா ஊர்க் கட்டுப்பாட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை ரேஞ்சர் படித்தார். "நடுக்கூடத்துல கொண்டாந்து வுடறதா?" என்று கேட்டுவிட்டு, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "மூட்டை எல்லாம் திரும்பிக் காட்டுக்குப் போயிடுச்சா?" என்று கேட்டார். போய்விட்டது என்றோம். அடுத்த தடவை பிடிபட்டால் விட மாட்டேன் என்று எச்சரித்து எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு பேரையும் அனுப்பிவிட்டார். வெளியே வந்ததும் மச்சான் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். நானும் ஒரு டீ குடித்தேன்.

இரண்டாவது, அந்த மெட்ராஸ்காரர் போன வாரம் வேறு ஊரில் பிடித்த ஒரு மூட்டையை எங்கள் பஸ்ஸில் ஏற்றப் பார்த்தார். அய்யம்பெருமாள் அண்ணன் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். "பஸ்ஸும் எனக்கு வூடுதாய்யா. பாதி நாள் இதுலதான் தூங்கறன், இதுலதான் திங்கறன். ஆமைய ஏத்துனா நான் ஓட்ட மாட்டேன்" என்றார். பயணிகளும் சேர்ந்துகொண்டார்கள். திருமானூர் ரூட்டிலும் இதைச் சொல்லிவிட்டோம். இப்போது எந்த டிரைவரும் ஏற்றுவதில்லை. கார்டு வந்து அந்த மூட்டையையும் ஆளையும் சேர்த்துக் கூட்டிப்போனார்.

நான் அந்தப் பயத்தோடு மல்லுக்கட்டித் தோற்றேன். நீ அதற்கே ஒரு வேலை கொடுத்துவிட்டாய். உன் பயத்தைக் கேலி செய்ததற்கெல்லாம் என்னை மன்னித்துவிடு.

உன்,
குழந்தைவேல்


செம்மேட்டுக்குடிக்காடு,
27.11.1978

என் மாமாவுக்கு,

பாப்பா நன்றாகப் பால் குடிக்கிறாள். நீங்கள் பார்த்துவிட்டுப் போனதைவிடக் கன்னத்தில் இன்னும் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது. மூக்கு உங்களுடையது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

ஒரு வாரமாக இங்கே விடாத மழை. முந்தாநாள் மத்தியானம் அம்மாவும் அண்ணனும் தா.பழூர் சந்தைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நானும் இவளும் மட்டும். முன்வாசலில் உட்கார்ந்து இவளைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். கரட்டிலிருந்து தண்ணீர் ஓடிவருகிற பக்கமிருந்து ஒரு கட்டாமை, சேறு பூசிக்கொண்டு, வாசல்படி ஏறப் பார்த்தது. ஒரு தடவை சறுக்கிக் கவிழ்ந்தது. காலை உதைத்துத் தானே நிமிர்ந்தது. அப்புறம் ஏறிவிட்டது.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இவளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன். கத்தினால் பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்திருப்பார்கள். நான் கத்தவில்லை. என் காலருகே வந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. கிழவி மாதிரி கழுத்து. கூடத்தின் வழியாக நடந்து, அடுக்களையில் ஒரு கீரைத் தண்டை மென்றுவிட்டு, பின்வாசல் வழியாகப் போனது. பின்வாசல் படி உயரமாயிற்றே, மறுபடி கவிழ்ந்துவிடுமே என்று இவளைத் தொட்டிலில் போட்டுவிட்டு ஓடினேன். இரண்டு கையாலும் தூக்கிக் கீழே இறக்கி விட்டேன், மாமா. கரட்டைப் பார்த்து அது நடந்து மறைகிற வரை மழையில் நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் இவள் கையைச் சப்பிக்கொண்டு தூங்குகிறாள். அப்போது நான் அழுத அழுகை, போன வருஷத்திலிருந்து அழ வேண்டியிருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது போலிருக்கிறது. அழுது முடித்ததும் எனக்கு நல்ல பசி. பழைய சோறு முழுக்கச் சாப்பிட்டேன்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வீட்டை ஒரு வாரம் கழுவுவார். நீங்களும் எதையும் கழுவ வேண்டாம், மஞ்சள் தண்ணீரும் தெளிக்க வேண்டாம். மூன்றாம் மாதம் பிறக்கட்டும் என்று அம்மா சொல்கிறார். எனக்கு அதுவரை இருக்க முடியாது. அடுத்த வாரம் உங்களுக்கு லீவு கிடைக்கிற நாளில் வந்து எங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள்.

மலர்